குழந்தையின் சிறுநீர்ப் பிரச்சினைக்கு அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனரைப் பார்க்கப் போகிறீர்களா?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் ஓர் ஆதங்கம் உண்டு. "சிறுநீரில் கிருமி என்று குழந்தையைப் பெரிய மருத்துவமனையின் யூராலஜிக்கு அனுப்பினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்து போனால் டாக்டர் வரவேயில்லை. ஒரு நர்ஸ்தான் பார்த்து அனுப்பினார்."

நானும் அப்படித்தான் மனம் சுருங்கி உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயது. காய்ச்சலோடு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்திருந்தது. உள்ளே வந்த பெண்மணி தன்னை நர்ஸ் பிராக்டிஷனர் என்று அறிமுகம் செய்துகொண்டதும், 'டாக்டர் எப்போது வருவார்?' என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியை இழுத்து, என் மகளின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் பேசினார். அந்த முக்கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டது இன்றுவரை எங்களுக்கு உதவுகிறது. புதிதாக வருபவர்கள் அதே தயக்கத்தில் அந்த நேரத்தை வீணாக்கிவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், அவர் யார்?

ஊரில் நாம் 'நர்ஸ்' என்று சொல்லும் வேலைக்கும் இதற்கும் இடைவெளி பெரிது. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் பதிவுபெற்ற செவிலியராகி, அதற்கு மேல் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ படித்து, தேசிய அளவிலான தேர்வு எழுதி, மாநில உரிமம் பெற்றவர். நோயாளியைப் பரிசோதிப்பார், ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுப்பார், நோயைக் கண்டறிவார், மருந்துச் சீட்டும் எழுதுவார். 50 மாநிலங்களிலும் அவருக்கு மருந்து எழுதும் உரிமை உண்டு. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் தனித்தே இயங்கலாம். டெக்சஸ் போன்ற சில மாநிலங்களில் ஒரு டாக்டருடன் எழுத்துமூலமான உடன்பாடு வேண்டும். குழந்தைகள் யூராலஜியில் எந்த மாநிலமாக இருந்தாலும் அவர் பெரும்பாலும் அறுவை மருத்துவர்களோடு ஒரே குழுவாகத்தான் வேலை செய்வார். அறுவை சிகிச்சையைச் செய்வது மருத்துவர்தான்.

இந்தப் பணி பிறந்ததே குழந்தைகளுக்காக. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய முதல் பயிற்சி, குழந்தைகள் நலத்துக்கான நர்ஸ் பிராக்டிஷனர்களை உருவாக்கவே ஏற்பட்டது. மார்பில் தொங்கும் அடையாள அட்டையில் 'சி.பி.என்.பி.' என்ற எழுத்துகள் இருந்தால் குழந்தைகளுக்கென்றே சான்று பெற்றவர் என்று பொருள்.

அப்படியானால் யூராலஜியில் இவர் ஏன் முன்னால் நிற்கிறார்? குழந்தைகளின் சிறுநீர்ப் பிரச்சினைகளில் ஒரு பெரும்பகுதிக்குக் கத்தி தேவைப்படுவதில்லை. பழக்கத்தை மாற்றுவது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பது, மாதக்கணக்கில் பின்தொடர்வது என்று பொறுமை கேட்கும் வேலை அது. அறுவை அரங்கில் நாள் முழுவதும் நிற்பவரால் இதற்கு நேரம் ஒதுக்க முடியாது. நர்ஸ் பிராக்டிஷனருக்கு இதுவே முழு வேலை.

சந்திப்பைப் பதிவு செய்யும்போது

காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். குழந்தை மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவையா, அந்த மருத்துவமனை உங்கள் காப்பீட்டின் வலைப்பின்னலுக்குள் இருக்கிறதா, வருகைக் கட்டணம் தவிர மருத்துவமனை தனியாக வசதிக் கட்டணம் ('ஃபெசிலிட்டி ஃபீ') வாங்குமா. மூன்றாவதைப் பலரும் கேட்பதில்லை. பிறகு பில் வந்ததும் திகைத்துப் போகிறார்கள்.

அதே அழைப்பிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் இதை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் தொலைபேசியிலோ திரையிலோ வருவார். 'எனக்குத்தான் ஆங்கிலம் வருமே' என்று விட்டுவிடாதீர்கள். அலுவலக ஆங்கிலம் வேறு, குழந்தையின் அந்தரங்க உறுப்பைப் பற்றிப் பேசும் ஆங்கிலம் வேறு.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் சந்திப்பில் உதவியாளர் ஒருவர் மகளிடம், 'பீ' போகும்போது வலிக்கிறதா என்று கேட்டார். ஆங்கிலத்தில் அது சிறுநீர். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தைக்கு அது வேறொன்று. மலச்சிக்கலால் தினமும் அழுதுகொண்டிருந்த அவள் 'ஆமாம்' என்று தலையாட்டினாள். சிறுநீர் கழிக்கும்போது வலி என்று பதிவாகிவிட்டது. அருகில் இருந்த எனக்கும் அந்த நொடியில் அது உறைக்கவில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் வந்து, கையால் காட்டிக் காட்டி மறுபடி கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. ஆகவே புறப்படுவதற்கு முன்பே, இங்கே 'பீ' என்றால் ஒன்றுக்குப் போவது, 'பூப்' என்றால் இரண்டுக்குப் போவது என்று குழந்தைக்குச் சொல்லிவையுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் செய்யவேண்டியது

குழந்தை கழிவறைப் பழக்கம் வந்த வயதாக இருந்தால் ஒரு குறிப்பேடு கேட்பார்கள். இரண்டு முழு நாட்களுக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தது, எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் கழித்தது, உள்ளாடை நனைந்ததா என்று எழுத வேண்டும். சனி, ஞாயிறு இதற்கு வசதி. சிறுநீரை அளக்க, கழிவறைத் தொட்டிமேல் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கேட்டால் கிளினிக்கிலேயே தருவார்கள். மலம் கழித்த விவரத்தையும், படுக்கை நனைந்த இரவுகளையும் ஒரு வாரத்துக்குக் குறித்து வையுங்கள்.

அளந்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கலாம். குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால், அந்த வயதில் சிறுநீர்ப்பை தாங்கக்கூடிய அளவு மில்லிலிட்டரில் தோராயமாகக் கிடைக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு 180. உங்கள் குழந்தை ஒவ்வொரு முறையும் 60 மட்டுமே போகிறதென்றால் அது ஒரு கதை சொல்கிறது. நாள் முழுவதும் இரண்டே முறை, 300 போகிறதென்றால் அது வேறு கதை. மகளின் குறிப்பேட்டில் காலை ஏழரைக்கும் மாலை நாலுக்கும் இடையே எதுவும் இல்லை. பள்ளியில் அவள் கழிவறைக்கே போவதில்லை என்பது அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சந்திப்பு நாள்

சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். வழியில் எங்கும் கழிவறைக்குப் போகவிடாதீர்கள். கருவி பொருத்திய கழிப்பிருக்கையில் குழந்தை போகும்போது, சிறுநீர் எவ்வளவு வேகத்தில், தடையின்றி வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று வரைபடமாக வரும். பிறகு வயிற்றின் மேல் ஜெல் தடவி, உள்ளே மிச்சம் எவ்வளவு என்று சிறு ஸ்கேன் பார்ப்பார்கள். வலி எதுவும் இல்லை. மாற்று உடை ஒரு செட் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தரங்க உறுப்பைப் பார்க்கும் முன் குழந்தையிடமே அனுமதி கேட்பார்கள். 'அம்மாவோ அப்பாவோ கூட இருக்கும்போதுதான் டாக்டரோ நர்ஸோ இங்கே பார்க்கலாம்' என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். வளர்ந்த பிள்ளையாக இருந்தால் உங்களைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்வதும் உண்டு. மனத்தில் எதையும் ஏற்றிக்கொள்ளாமல் வெளியே வந்துவிடுங்கள். நம் முன்னால் சொல்லக் கூசுவதை அவர்களிடம் சொல்லட்டும்.

ஆண் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. குளிப்பாட்டும்போது நுனித்தோலைப் பின்னால் தள்ளிச் சுத்தம் செய்யும் பழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். சிறு வயதில் அது ஒட்டியிருப்பதுதான் இயல்பு. வலிந்து இழுத்தால் தழும்பாகி, இல்லாத நோயை உண்டாக்கும். தேவைப்பட்டால் தடவுவதற்கு ஸ்டீராய்டு களிம்பு ஒன்றை நர்ஸ் பிராக்டிஷனர் எழுதித் தருவார், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். பாட்டியையும் ஒருமுறை சந்திப்புக்கு அழைத்துச் சென்று அவர் வாயாலேயே கேட்கவைத்தால் வீட்டில் விவாதம் மிச்சம்.

பயமுறுத்தும் அந்தப் பரிசோதனை

காய்ச்சலோடு தொற்று திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பப் பாய்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு ரிஃப்ளக்ஸ் என்று பெயர். பரிசோதனையின் பெயர் வி.சி.யூ.ஜி. சிறுநீர் வரும் துளை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைச் சிறுநீர்ப்பையில் நிரப்பி, குழந்தை மேசை மேலேயே சிறுநீர் கழிக்கும்போது படம் எடுப்பார்கள். ஊசி இல்லை. ஆனால் அசௌகரியம் உண்டு. அதைக் குழந்தையிடம் மறைக்காதீர்கள். 'ஒன்றும் செய்யமாட்டார்கள்' என்று பொய் சொல்லி அழைத்துப் போனால் அடுத்த முறை மருத்துவமனை வாசலிலேயே அழும்.

சிறுவர் மருத்துவமனைகளில் 'சைல்ட் லைஃப்' என்ற பிரிவு இருக்கும். பொம்மையை வைத்துக் குழந்தைக்கு முன்கூட்டியே விளக்குவது அவர்கள் வேலை. நர்ஸ் பிராக்டிஷனரிடம் கேட்டால் ஏற்பாடு செய்வார். தாய் கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் நிற்கக்கூடாது, எனவே அப்பாவோ வேறு பெரியவரோ உடன் வரவேண்டும். வெள்ளி அரைஞாண் கொடியை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். படத்தில் அது சிறுநீர்ப்பையின் குறுக்கே கோடாக விழும், மேசை மேல் குழந்தையை வைத்துக்கொண்டு கழற்றுவது யாருக்கும் சுலபமில்லை.

ரிஃப்ளக்ஸை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். ஒன்று, இரண்டு என்றால் வளர வளரத் தானாகவே மறைவதற்கு வாய்ப்பு அதிகம். நான்கு, ஐந்து என்றால் அறுவை மருத்துவரோடு உட்கார்ந்து பேசவேண்டிய நிலை. தினமும் சிறிதளவு ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்ற பேச்சு வரும். 607 குழந்தைகளை வைத்து நடந்து 2014இல் வெளியான ரிவர் என்ற ஆய்வில், அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்குத் தொற்று திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத்தில் புதிய தழும்பு விழுவதில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் 'எங்கள் குழந்தைக்கு இதில் லாபம் எவ்வளவு, பாதகம் எவ்வளவு?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். முடிவில் உங்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் கழிவறையில்தான்

எங்களுக்குக் கிடைத்த மருந்துச் சீட்டைவிட முக்கியமானது கால் வைக்க ஒரு மணை. ஊரில் குந்தி உட்கார்ந்து போன குழந்தை, இங்கே உயரமான தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால் அந்தரத்தில் தொங்க உட்காருகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இடுப்புத் தசைகள் இறுகிவிடும். இறுகிய தசை சிறுநீரை முழுதாக வெளியே விடாது. மிச்சம் தங்கும் இடத்தில் கிருமி வளரும். பாதம் இரண்டும் பதிந்து, முழங்கால் விலகி, உடல் சற்று முன்சாய்ந்து உட்கார வேண்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பலகையும் போதும். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மர மணையைப் போட்டோம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும், போய் உட்காரவேண்டும் என்பது அடுத்த விதி.

அடுத்தது மலச்சிக்கல். சிறுநீர்ப் பிரச்சினைக்கு வந்தால் எதற்கு மலத்தைப் பற்றியே துருவுகிறார் என்று எரிச்சலாக இருக்கும். மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒட்டியே இருக்கிறது. அது நிரம்பிப் பருத்தால் முன்னால் இருப்பதை நெருக்கும். தினமும் போகும் குழந்தைக்கும் மிச்சம் தேங்கியிருக்கலாம். மிராலாக்ஸ் என்ற பெயரில் கடையில் கிடைக்கும் தூளைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். டப்பாவில் 16 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்கவேண்டும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் கொடுக்காமலேயே நிறுத்திவிடுகிறார்கள். கேட்டுக் கொடுக்கச் சொல்லும் வரி அது. உங்களுக்கு அளவைச் சொன்னவர் அந்தத் தகுதி உடையவர்தான். சந்தேகம் இருந்தால் அழைத்துக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தியதும் பழையபடி திரும்பிவந்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

படுக்கையில் சிறுநீர் போவதற்காக வந்தவர்களுக்கு: ஐந்து வயதில் சுமார் 15 சதவீதக் குழந்தைகளுக்கு இது இருக்கிறது. தாய் தந்தையரில் ஒருவருக்குச் சிறு வயதில் இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். இந்தக் கேள்வியை நர்ஸ் பிராக்டிஷனர் கேட்பார், கூசாமல் உண்மையைச் சொல்லுங்கள். குழந்தை வேண்டுமென்று செய்வதில்லை. உறவினர் முன்னால் சொல்லிக் காட்டுவது, அடிப்பது, 'தம்பியைப் பார்' என்று ஒப்பிடுவது எல்லாம் குழந்தையை உடைக்குமே தவிரப் படுக்கையை உலர்த்தாது. ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் ஒரு வழி. அதற்கு இரண்டு மூன்று மாதம் வீடே சேர்ந்து எழுந்திருக்க வேண்டும். இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மாத்திரை இன்னொரு வழி. அதைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, அடுத்த எட்டு மணி நேரம் குடிக்கவிடாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம். இல்லையென்றால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருக்கும் நாட்களில் அதைக் கொடுக்கவே கூடாது.

முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சிறுநீரை எடுக்க வேண்டியிருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ் 1972இல் வெளியிட்ட முறை இது. அறுவை அரங்கின் கிருமியற்ற நிலை தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று அவர் காட்டினார். இதைத் தாய்க்கும் தந்தைக்கும் கற்றுக்கொடுப்பது நர்ஸ் பிராக்டிஷனரும் அவருடைய செவிலியர் குழுவும்தான். பின்னர் குழந்தையே செய்துகொள்ளப் பழக்குவதும் அவர்களே. கை நடுங்கினால் 'இன்னொரு முறை காட்டுங்கள்' என்று கேளுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம், பிறந்தநாள் பலூன் உட்பட எல்லாவற்றையும் தவிர்க்கச் சொல்வார்கள்.

பள்ளிக்கு ஒரு கடிதம்

மகளின் வகுப்பில் பாட நேரத்தில் கழிவறைக்குப் போக அனுமதி இல்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன், பயனில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்த கடிதம் வேலையை முடித்தது: எப்போது கேட்டாலும் அனுமதிக்க வேண்டும், மேசையில் தண்ணீர்ப் புட்டி இருக்க வேண்டும். பள்ளி தயங்கினால் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் (ரிஹாபிலிடேஷன் ஆக்ட்) 504ஆம் பிரிவின் கீழ், குழந்தைக்கு வேண்டிய சலுகைகளை எழுத்தில் தரும் திட்டம் கேட்கலாம். இந்த எண்ணைச் சொன்னாலே பள்ளி அலுவலகத்துக்குப் புரியும்.

எப்போது அறுவை மருத்துவர்தான் வேண்டும்?

ஆண் குழந்தைக்கு ஆறு மாத வயதாகியும் விதை (விரை) பைக்குள் இறங்காவிட்டால், சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் கீழே இருந்தால், சிறுநீர்ப் பாதையில் அடைப்பு தெரிந்தால், முடிவு அறுவை மருத்துவருடையது. விதை இறங்காததற்கு முதலில் ஸ்கேன் எடுக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தேர்ந்த கை தொட்டுப் பார்ப்பதே இதில் நம்பகமானது. வேறு எந்த நிலையிலும், மனம் ஒப்பவில்லை என்றால் 'மருத்துவரையும் ஒருமுறை பார்க்க விரும்புகிறோம்' என்று கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அறுவை முடிந்த பிறகு கட்டு, குழாய், வலி, குளிப்பது பற்றிய கேள்விகளுக்கெல்லாம் நீங்கள் மறுபடி வந்து நிற்கப்போவது நர்ஸ் பிராக்டிஷனரிடம்தான்.

காத்திருக்கக் கூடாதவை

கிளினிக்கின் இணையதளத்தில் செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது சாதாரணக் கேள்விகளுக்குச் சரி. கீழே சொல்பவற்றுக்கு அல்ல.

விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் விடுவித்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. பையன்கள் வெட்கப்பட்டு 'வயிறு வலிக்கிறது' என்றே சொல்வார்கள். அங்கே வலித்தால் நடு இரவானாலும் எழுப்ப வேண்டும் என்று இன்றே மகனிடம் சொல்லிவையுங்கள். பின்னால் தள்ளிய நுனித்தோல் முன்னுக்கு வராமல் வீங்கினாலும் அவசரம்தான். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் காரணம் எதுவானாலும் உடனே காட்ட வேண்டும். ரிஃப்ளக்ஸ் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை தேவை. டயப்பர் வயதில் ஒட்டுப்பையில் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமியும் கலந்துவிடும், அதை வளர்த்துப் பார்த்து வரும் முடிவை நம்ப முடியாது. குழாய் வைத்து எடுக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னால் மறுக்காதீர்கள்.

கிளினிக்கின் இரவு நேர எண், 911, குழந்தையின் பிறந்த தேதி, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி மட்டும் பிள்ளைகளோடு இருக்கும் மாலைகள் உண்டு. அதனால் அதே தாளில் தமிழ் எழுத்தில், கொட்டை கொட்டையாக, இதையும் எழுதுங்கள்: 'டெஸ்டிகுலர் பெயின்', 'ஹை ஃபீவர்', 'கிட்னி ரிஃப்ளக்ஸ்', 'தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்'. ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு வெளியே கிளம்புங்கள்.